அம்பத்தூரில் ஒரு நிலக்காரி

“அந்தப் பொம்பளைய ஒரே ஒரு தடவ நேர்ல பாக்கணும்மா. அடிக்க மாட்டேன். சத்தியமா.”

சரசா சொன்ன விதத்திலேயே, அடிக்கும் எண்ணத்தோடுதான் ஊரிலிருந்து கிளம்பியிருக்கிறாள் என்பது பார்வதத்துக்குப் புரிந்துவிட்டது.

ஆவடி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு செருப்புக் கடை. அதன் மாடியில் இருந்தது ‘பார்வதம் புலனாய்வு நிலையம்’. ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ரயில் போகும்போதெல்லாம் நடுங்கும் ஒரு ஜன்னல். பார்வதத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். உடையாத காலுக்கு மாவுக்கட்டு போட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் வந்தாலும் முதலில் காலைப் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரசாவின் ஒரு செருப்பில் வாருக்குப் பதில் ஊக்கு குத்தியிருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கருங்காலிப்பட்டு என்ற மலையடிவார ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

“யாரும்மா அந்தப் பொம்பள?”

“எங்க ஊட்டுக்காரரு வச்சிருந்தவ.”

மேசைமேல் ஒரு கலர் நகலை விரித்தாள். கொரோனா இரண்டாவது அலையில் விவசாயிகளுக்கு அரசு கொடுத்த நிவாரணத்துக்கான விண்ணப்பம். பயனாளி பெயர் அஞ்சலை. முகவரி அம்பத்தூர். நிலம் கருங்காலிப்பட்டில். மூலையில் ஒரு பெண்ணின் போட்டோ.

“பட்டா நம்பரு, ஆதாரு, கைரேகை. மூணும் இருந்தா போதும்னாங்க. எங்க ஊட்டுக்காரரு தணிகாசலம், எழுதிக் குடுக்கப் போனாரு. உன் பட்டாவுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சுய்யா, அஞ்சலைன்னு ஒருத்தி வாங்கிட்டான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஊட்டுக்கு வந்து என்கிட்ட அவரு அதச் சொல்லவே இல்ல. அந்த ஆபீசுல என் தம்பி வெங்கட்டு கம்ப்யூட்டர் பாக்கறான். அவன்தான் இந்தக் காயிதத்தக் கொண்டாந்து காட்டினான்.”

“காட்டி என்ன சொன்னான்?”

“மூக்குல ஒண்ணுமில்ல, கழுத்துல ஒண்ணுமில்ல பாருக்கான்னான். தாலி அறுத்துட்டவளாம். பட்டணத்துல ஒருத்திய வச்சிகினு அவ பேருக்கு நெலத்த எழுதிட்டாருன்னு ஊரே பேசிச்சு.”

“உங்க வீட்டுக்காரர்?”

“அவ யாருன்னே தெரியாதுன்னாரு. புள்ளைங்க தலைல அடிச்சு சத்தியம் பண்ணாரு. நான் நம்பல. எட்டு மாசம் அவர்கிட்ட பேசல. சோறு வைப்பேன், பேச மாட்டேன். ஒண்ணரை வருசத்துக்கு முன்ன ஒருநாளு, போய் அவகூடவே இருந்துக்கன்னு சொல்லிட்டேன்.” சரசா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்கு சாயந்திரம் பம்புசெட்டாண்ட கெடந்தாரு. பூச்சி மருந்து.”

ஒரு ரயில் கடந்தது. ஜன்னல் நடுங்கி ஓய்ந்தது. கதவோரம் நின்றிருந்த ஏகாம்பரம் ஒரு சொம்புத் தண்ணீரைச் சரசாவின் முன்னால் வைத்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற ஆள் அவர். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், நான்கு வருடமாகப் பார்வதத்தின் உதவியாளர். ஆட்டோ அப்படியே இருக்கிறது, ஏறுகிற ஆள்தான் ஒருவராகக் குறைந்துவிட்டது.

“அவர் போய் ஒண்ணரை வருஷம் ஆச்சுங்கறீங்க. இப்ப ஏன் வந்தீங்க?”

சரசா இன்னொரு காகிதத்தை எடுத்தாள். பின்பக்கம் பசையும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தன.

“பஞ்சாயத்து போர்டுல ஒட்டியிருந்துச்சு. தகுதியில்லாம நிவாரணம் வாங்கினவங்க பட்டியலாம். கிழிச்சிகினு வந்துட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது. நம்பரு மட்டும் தெரியும், போன்ல போடணுமே. பக்கத்து ஊட்டுப் பொண்ணு படிச்சிக் காட்டிச்சு. எங்க ஊருல மட்டும் அஞ்சு பேரு. அஞ்சு பேரும் இந்தப் பக்கத்து ஆளுங்க. அதுல ரெண்டு பேரு ஆம்பள.” நிமிர்ந்து பார்த்தாள். “ஒருத்தின்னா நம்பலாம். அஞ்சு பேரயாம்மா வச்சிருப்பாரு?”

“மேடம், பாதி கேஸ அவங்களே முட்ச்சிட்டாங்கோ” என்றார் ஏகாம்பரம், மெதுவாக.

“தம்பிகிட்ட இதைக் காட்டினீங்களா?”

“காட்டினேன். செத்தவரு மானத்த ஏங்க்கா மறுபடி சந்தில இழுக்கறன்னு திட்டினான். அவனுக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன்.”

பார்வதம் போட்டோவைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். ஐம்பது வயது முகம். கலைந்த தலை. பின்னால் வெளிர்பச்சைத் துணி ஒன்று தொங்கியது. மூக்கில் எதுவும் இல்லை, ஆனால் இடது பக்கம் எள்ளளவு ஒரு புள்ளி இருந்தது. காது மடலில் தோடு இழுத்து இழுத்து நீண்டுபோன துளை.

“ஏகாம்பரம், வண்டிய எடுங்க.”

“அந்தம்மாவும் வராங்களா? அடிக்க மாட்டேன்னு சொல்லிகீறாங்கோ, ஆனா கைய பாத்தா நம்பிக்க வரல.”

சரசா அதற்குள் படி இறங்க ஆரம்பித்திருந்தாள்.

*

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிலையத்தின் பின்பக்கம், தள்ளுவண்டியில் இட்லிக் கடை. காலை ஷிப்டுக்கான கூட்டம் வடிந்திருந்தது. பட்டியலில் இருந்த முகவரிக்குப் போய்க் கேட்டபோது, வீட்டுக்காரர்கள் இங்கேதான் கை காட்டினார்கள்.

சரசா ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்ற பெண்ணை இமைக்காமல் பார்த்தாள். போட்டோவில் இருந்த அதே முகம்தான். இடது மூக்கில் மூக்குத்தி பளிச்சென்று இருந்தது. கழுத்தில் தாலிச் சரடு. பக்கத்தில் ஒரு ஆள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து, “தேங்கா வாங்கியாறேன்னு போய் தேங்கா மரம் வச்சிட்டு வர்றியாய்யா?” என்று அந்தப் பெண் கத்திய கத்தலில், அது கணவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

ஏகாம்பரம் நான்கு இட்லி சொன்னார். பார்வதம் காகிதத்தை நீட்டினார்.

“ஐயே, இந்த நோட்டீஸா?” அஞ்சலை கரண்டியைக் கீழே வைத்தாள். “எனக்கும் வந்துகீது. கருங்காலிப்பட்டுல எனக்கு ஒரு ஏக்கரா எண்பது சென்ட்டு நெலம் கீதாமே! பத்துக்குப் பத்து ஊட்டுக்கே வாடகை குடுக்க முடியல, எந்த மவராசன் எழுதி வச்சான்னு எங்கூட்டுக்காரன்கூட ஒரு நாளு ஃபுல்லா சந்தேகமா பாத்துகினு இருந்தான்.”

ஆட்டோவிலிருந்து சரசா இறங்கினாள். நேராக வந்து வண்டியின் முன்னால் நின்றாள். ஏகாம்பரம் இட்லித் தட்டோடு இரண்டு பேருக்கும் நடுவில் நகர்ந்தார்.

“தணிகாசலத்த தெரியுமா?” என்றாள் சரசா.

அஞ்சலை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“எந்த கம்பெனிம்மா அவரு? பார்சலா, இங்கியே துன்றவரா?”

சரசாவின் உயர்ந்திருந்த கை கீழே இறங்கியது. பேருந்து நிலையத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. எதிரே நின்ற பஸ்ஸின் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா ஆச்சு அந்தம்மாவுக்கு?” என்றாள் அஞ்சலை.

“சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இந்த மூக்குத்தியைக் கடைசியா எப்போ கழட்டினீங்க?”

“இதுவா? கண்ணாலத்துக்குப் போட்டது. கழட்டனது ஒரே ஒரு தபா. கொரோனால. பூந்தமல்லி ரோட்டுல ஒரு கண்ணால மண்டபத்த ஆஸ்பத்திரி ஆக்கி வச்சிருந்தாங்கல்ல, அங்கதான் கெடந்தேன். ஸ்கேன் எடுக்கணும், இரும்பு தங்கம் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் கழட்டி இவன் கைல குடுத்தாங்க. தாலியக்கூட. பத்து நாளு மொட்டையா கெடந்தேன்.”

பார்வதம் போட்டோவைக் காட்டினார். “இது யார் எடுத்தது?”

அஞ்சலையின் முகம் மலர்ந்தது. “இது திருமுருகன் எடுத்ததுல்ல! அங்க வேல பாத்த புள்ள. ஊட்டுக்கு அனுப்பி வக்கிறேன், உன் மூஞ்சிய பாத்தா அவங்களுக்கு தெம்பு வரும்னு சொல்லி போன்ல எடுத்தான். எம்மா, அவன் மட்டும் இல்லன்னா நான் இல்ல. பெத்த புள்ளைங்க ரோட்டுல நின்னுகினு போன்ல பேசுதுங்க. நர்சுங்க ஊசி போட்டுட்டு ஓடிடும். இவன் ஒருத்தன்தான் பக்கத்துல குந்திகினு என் கைய புட்ச்சிகினு இருந்தான். விரல்ல மிஷினு வச்சி ஆக்சிஜன் பாப்பான். நல்லா கீது ஆயா, பொழச்சிக்குவன்னு சொல்வான்.”

“போட்டோ வீட்டுக்கு வந்துச்சா?”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தினார். “எந்த போட்டோ? எனக்கு எதும் வர்ல.”

அஞ்சலை அவரை முறைத்தாள். “உன் டப்பா போன்ல எதுதான் வந்துகீது!”

*

“ஒரு டவுட்டு மேடம்” என்றார் ஏகாம்பரம், ஆவடி சாலையில் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்தபடி. “மூக்குத்தி இல்லன்னா புருசன் செத்துட்டான்னு ஊரே முடிவு பண்ணிச்சு. நீங்கோ ஆஸ்பத்திரின்னு எப்டி கண்டுபுட்ச்சீங்கோ?”

“துளையிலே இருந்து. கணவர் போய்ப் பல வருஷமானா அந்தத் துளை தூர்ந்துடும். இந்த அம்மா போட்டோவுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடிதான் கழட்டியிருக்காங்க. நேத்துத்தான் புருஷனை இழந்த பொம்பள நிவாரணத்துக்குப் போட்டோ எடுத்துக்க மாட்டா. அப்புறம் அந்தப் பச்சைத் துணி. அது ஆஸ்பத்திரித் திரை.”

பின்னால் உட்கார்ந்திருந்த சரசா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “ரெண்டு வருசம் அந்தப் படத்த வச்சிருந்தேன்” என்றாள். “தெனம் பாப்பேன். மூஞ்சியத்தான் பாத்தேன். மூக்குல துளை இருந்தத பாக்கல.”

ஏகாம்பரம் குடியிருப்பின் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

பட்டியலில் இரண்டாவது பெயர் சண்முகசுந்தரம். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில், வேப்பமரங்களுக்கு நடுவே மஞ்சள் அடித்த பழைய வீடு. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். முப்பத்தைந்து வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்றவர். இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு.

“வாங்க, உக்காருங்க. என்னத்தச் சொல்ல? எம்மேல மெமோ குடுத்திருக்காவ. மத்திய அரசு ஊழியன் விவசாயின்னு பொய் சொல்லி நிவாரணம் வாங்கிட்டான்னு. பென்ஷன் பேப்பர் அப்படியே நிக்கி. எங்க அப்பாவுக்கே ஊர்ல ஒரு குழி நெலம் கெடையாது பாத்துக்கிடுங்க.”

அவரும் அதே மண்டபத்தில் படுத்திருந்தவர்தான். அவரும் அதே பெயரைச் சொன்னார். “திருமுருகன்னு ஒரு பையன். தங்கமான பய. போன மாசம் அவன் கடை திறப்புக்குக் கூப்பிட்டான், போய் மொய் எழுதிட்டு வந்தேன். சென்னீர்குப்பத்துல, ஹைவே பக்கத்துல.”

ஏகாம்பரம் மெல்லச் சிரித்தார். “நைனா, மெமோவுக்கு மொய்யா?”

பார்வதம் ஏகாம்பரத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“ஐயா, உங்க விரலைக் கொஞ்சம் காட்டுங்க.”

சண்முகசுந்தரம் இரண்டு கைகளையும் நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. முப்பத்தைந்து வருட இரும்பு, ரேகையைத் தேய்த்துச் சாப்பிட்டிருந்தது.

“ஃபேக்டரி வாசல்ல எப்படி வருகைப் பதிவு பண்றீங்க?”

“அது பெரிய கூத்து. எந்த விரலையும் மெஷின் வாங்காது. கடைசில இடது கை மோதிர விரல்தான் வாங்கிச்சு. அத வச்சித்தான் ஓடுது.”

“திருமுருகன் உங்களுக்கு எந்த விரல்ல ஆக்சிஜன் பார்ப்பான்?”

அவர் சொல்ல வாயெடுத்து நின்றார். “எல்லா விரல்லயும்தான். ரத்த ஓட்டம் வரணும்னு ஒவ்வொரு விரலா அமுக்கி விடுவான். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. வலது கை முடிஞ்சு இடது கை. அன்னிக்கு கடைசியா…” இடது கையைத் திருப்பிப் பார்த்தார். “மோதிர விரல அமுக்கும்போது ‘வந்துட்டு சார்’னு சந்தோஷமாச் சொன்னான்.”

“அந்தக் கருவி விரலைக் கவ்வுச்சா? கிளிப் மாதிரி?”

“இல்ல. மேல வச்சு அமுக்கணும். அடியில செவப்பா எரியும். எங்க வாசல்ல இருக்கது மாதிரியே…”

இடது கையை மடியில் வைத்து, வலது கையால் மூடிக்கொண்டார். உள்ளே குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

“ஆக்சிஜன் பார்க்கிற கருவி விரலைக் கவ்வும்” என்றார் பார்வதம், எழுந்தபடி. “அமுக்கச் சொல்லாது.”

*

சென்னீர்குப்பத்தில், பெங்களூரு நெடுஞ்சாலைக்குச் சற்று உள்ளே, புதுப் பெயின்ட் வாசனை போகாத சின்னக் கடை. நகல் எடுக்கும் இயந்திரம், ஒரு கம்ப்யூட்டர், சுவரில் சாமி படம். ஆதார் திருத்தம், பட்டா நகல், சாதிச் சான்றிதழ் என்று வாசலில் பட்டியல்.

திருமுருகனுக்கு முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, சாந்தமான முகம். “உக்காருங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க” என்று தன் நாற்காலியையே சரசாவுக்கு நகர்த்திக் கொடுத்தான். அவன் குரலில் பொய் இருப்பதாகப் பார்வதத்துக்குத் தோன்றவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

“என்ன மேடம் பண்ணணும்?”

“ஆக்சிஜன் பார்க்கணும்.”

அவன் சிரித்தான். “இங்க அதெல்லாம் இல்ல மேடம். மெடிக்கல் ஷாப்புல கேளுங்க.”

பார்வதம் மேசைமேல் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டினார். அதன் கண்ணாடியில் சிவப்பு ஒளி எரிந்துகொண்டிருந்தது.

“அதான் இருக்கே.”

சிரிப்பு அவன் முகத்திலேயே நின்றுபோனது. வாசலைப் பார்த்தான். வாசலில் ஏகாம்பரம் சாய்ந்து நின்றார்.

“ஓடாத நைனா. வெளிய ஹைவே. லாரிக்காரனுக்கு உன் நல்ல மனசெல்லாம் தெரியாது.”

திருமுருகன் ஓடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“வேலைக்கு ஆள் எடுத்த காண்ட்ராக்டரு மூணு மாசம் சம்பளம் தரல” என்றான். “அப்பதான் போன்ல ஒரு ஆளு வந்தாரு. பட்டா நம்பர நான் தரேன், நீ ஆதாரும் விரலும் குடுன்னாரு. பேஷன்ட்டுங்க ஆதார் காப்பி எல்லாம் ரிஜிஸ்டர்ல இருந்துச்சு. ரேகை வச்சா கணக்கு தானா தொறக்கும், பணம் வந்ததும் மறுபடி ஒரு தடவ ரேகை வச்சு எடுத்துடலாம். இவங்களுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லன்னு நெனச்சேன் மேடம். கவர்மெண்ட் பணம்தானேன்னு.”

“எத்தனை பேரோட விரல்?”

“நூத்தி முப்பத்தொண்ணு.”

“அதுல எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பிப் போனாங்க?”

“இருபத்தாறு பேரு போகல.” பிறகு, யாரும் கேட்காமலே சொன்னான்: “ரேகை விழுந்ததும் எந்திரிச்சுப் போயிரணும்னுதான் உக்காருவேன். ஆனா அவங்க கைய வுட மாட்டாங்க மேடம். கெட்டியா புடிச்சிக்குவாங்க. நானும் உக்காந்துடுவேன். அது பொய் இல்ல. அத மட்டும் நம்புங்க.”

“நம்பறேன்” என்றார் பார்வதம். “அதனால எதுவும் மாறல.”

சரசா நாற்காலியில் அசையாமல் இருந்தாள். இப்போதுதான் வாயைத் திறந்தாள். “எங்க பட்டாவ ஏம்பா எடுத்தீங்க? ஊர்ல எத்தன பேரு இருந்தாங்க.”

“நான் எடுக்கலம்மா. அந்த ஆளுதான் அனுப்புவாரு. மொத ரெண்டு வாரத்துல யாரெல்லாம் எழுதிக் குடுக்க வரலியோ, அவங்க பட்டாவா பாத்து அனுப்புவாரு. அவங்க இனிமே வர மாட்டாங்கன்னு கணக்கு.”

“அந்தப் பதினஞ்சு நாளும் எனக்குக் காய்ச்சல்” என்றாள் சரசா. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. “யாரும் வாசப்படி ஏறல. அவருதான் பக்கத்துலயே இருந்து கஞ்சி வச்சிக் குடுத்தாரு. எழுதிக் குடுக்கப் போங்கன்னேன். நீ எந்திரி மொதல்ல, அது எங்கியும் ஓடாதுன்னாரு.”

வெளியே ஒரு கன்டெய்னர் லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“அந்த ஆளு யாரு?” என்றார் பார்வதம்.

“பேரு தெரியாது. நேர்ல பாத்ததே இல்ல. ‘பட்டா அண்ணன்’னு போட்டு வச்சிருக்கேன்.” திருமுருகன் தன் போனைத் திறந்து நீட்டினான்.

ஏகாம்பரம் வாங்கி, குறித்துக்கொள்வதற்காகச் சத்தமாக வாசித்தார். “தொண்ணூத்தி நாலு… நாப்பத்தி நாலு… முப்பத்தெட்டு…”

“பதினேழு, அறுவது” என்றாள் சரசா.

ஏகாம்பரம் போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “கரெக்டு” என்றார்.

சரசா எழுந்து நின்றாள். “என் தம்பி நம்பரு” என்றாள்.

அவள் விழுந்துவிடுவாளோ என்று பார்வதம் கையை நீட்டினார். அவள் விழவில்லை. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திறக்க முடியவில்லை. திருமுருகன் அனிச்சையாக அதைத் திறந்து கொடுக்க வந்தான். அவள் பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“அவன்தான காயிதத்தக் கொண்டாந்து காட்டினான்? தப்பா போட்டுட்டாங்க மாமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. ஏம்மா அப்படிச் சொன்னான்?”

பார்வதம் சொல்லத் தயங்கினார். ஆனால் பாதி உண்மையோடு இந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்ப முடியாது.

“தப்பா போட்டுட்டாங்கன்னு சொன்னா உங்க வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போவார். யார் இந்த அஞ்சலைன்னு விசாரணை வரும். விசாரணை வராம இருக்கணும்னா ஊருக்கு ஒரு கதை வேணும். வச்சிருந்தவங்கற கதைக்கு யாரும் சாட்சி கேக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்காரர் வாயத் திறந்தாலே அசிங்கம்னு ஆயிடும்.”

சரசா கேட்டாள். தலையாட்டினாள். “துக்கத்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் அவன்தான் நின்னு காப்பி குடுத்தான்” என்றாள்.

*

காவல் நிலையத்துக்குப் போகும் வழியில் பார்வதம் சண்முகசுந்தரத்துக்குப் போன் செய்தார். அவர் சாட்சி சொன்னால் வழக்கு நிற்கும், மெமோவும் விலகும்.

“அந்தப் பய கை சூடா இருக்கும்மா” என்றார் அவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு. “மத்த எல்லாரும் ரப்பர் உறை மாட்டிக்கிட்டுத் தொடுவாவ. அவன் வெறுங்கையால தொடுவான். நான் அவனுக்கு எதிரா சொல்லணுமா?”

“நடந்ததைச் சொன்னா போதும் ஐயா.”

“…வாரேன்.”

ஆட்டோவின் முன்சீட்டில் ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் திருமுருகன் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். அவனைப் பிடித்து ஏற்ற வேண்டியிருக்கவில்லை. கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுத் தானாகவே ஏறிக்கொண்டான்.

பாதி வழியில் சரசாவின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தாள். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மறுபடி அடித்தது. மறுபடியும் பார்த்தாள்.

“எடுக்காதீங்க” என்றார் பார்வதம்.

“எடுக்கல. அம்மா செத்தப்ப அவனுக்கு மூணு வயசு. நான்தான் தூக்கி வளத்தேன். என்ன சொல்றதுன்னு தெரியாம பாத்துகினு இருக்கேன்.”

காவல் நிலையத்தில் ஒரு பெண் ஏட்டு இருந்தார். பெயர் பஞ்சவர்ணம் என்று சட்டையில் எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார், புகாரை வாங்கிக்கொள்கிறேன் என்று காகிதத்தை எடுத்தார். பார்வதம் விவரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். விண்ணப்ப நகல், பட்டியல், திருமுருகனின் போன். அவன் பெஞ்சின் ஓரத்தில் கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான்.

“எதிரி பேர் சொல்லுங்கம்மா” என்றார் ஏட்டு.

“சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதணும்.”

“எதிரி பேர்தான் முதல்ல வரும்.”

“என் புருசன் பேரு தணிகாசலம். அவரு பொய் சொல்லல. அத மொதல்ல எழுதுங்க.”

ஏட்டு பேனாவை நிறுத்தினார். “இது புகார்ல தேவையில்லம்மா. நிவாரண மோசடிக்கும் இதுக்கும்…”

“எழுதுங்க மேடம்” என்றார் பார்வதம்.

ஏட்டு அவரைப் பார்த்தார். வாசலில் நின்ற ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனிதர் கும்பிட்டு அதுவரை பார்வதம் பார்த்ததில்லை.

ஏட்டு குனிந்து எழுதினார். ஒன்றரை வரி வந்தது.

“எனக்குப் படிக்கத் தெரியாது” என்றாள் சரசா. “என்ன எழுதினீங்கன்னு படிங்க.”

“என் கணவர் தணிகாசலம் மேற்படி அஞ்சலை என்பவரை முன்பின் அறியாதவர். அவர் என்னிடம் சொன்னது உண்மை.”

சரசா மேசையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள். தலை குனிந்தது. தோள்கள் குலுங்கின. சத்தம் மட்டும் வரவில்லை. ஏட்டு பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். பக்கத்து அறையில் வயர்லெஸ் கரகரவென்று ஏதோ ஒரு வண்டி நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“மறுபடி படிங்க” என்றாள் சரசா.